அடுப்பு மேடைக்கு ஒரு ஸ்டூல்

1934, மார்ச் 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சைக்கிளுக்கு எண்ணெய் விட நினைத்தேன், விடவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. இரவில் விட்டு விட்டு அழுதாள். இப்போதுதான் தூங்குகிறாள்.

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். சனிக்கிழமை, அரை நாள். ஆபீஸ் முடிந்து எங்கள் சந்தில் திரும்பி, வழக்கம்போல் மணி அடித்துக்கொண்டே வந்தேன். மணி கேட்டால் கமலம் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்வாள். சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் பாப்பாவின் அலறல். உள்ளே ஓடினால் சமையலறைத் தரை முழுக்கச் சோறும் கொதிக்கிற கஞ்சியும். பானை ஒரு பக்கம். பால் டின் வருகிற மரப்பெட்டி ஒரு பக்கம், கவிழ்ந்தபடி. கமலம் பிள்ளையைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் காலை அமிழ்த்திப் பிடித்திருந்தாள். இடது கால், முழங்காலுக்குக் கீழே, தோல் வழன்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"பெட்டி சாஞ்சிருச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரி. மஞ்சளாக ஒரு மருந்து தடவிக் கட்டுப் போட்டார்கள். "முகம் தப்பிச்சுதே, அதுக்குச் சாமிக்குச் சூடம் கொளுத்துங்க" என்றார் கட்டுப் போட்ட டிரெசர்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாப்பாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, எதையும் எட்டிப் பார்க்கிற வயசு. அம்மா அடுப்பு மேடையில் என்ன செய்கிறாள் என்று பார்க்கப் பெட்டி மேல் ஏறியிருக்கிறாள். பெட்டி சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே, நாலு பேர் காது கேட்க, "உன் கண்ணு எங்க போச்சு?" என்று கமலத்தைக் கேட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. நேற்று கூசவில்லை.

பிள்ளை நிற்க நல்ல ஸ்டூல் வேண்டும். சாயாத ஸ்டூல். இந்த வாரமே.

மார்ச் 5, திங்கள்

நல்ல வெயில். மாலையில் இடி மட்டும்.

பக்கத்து மேசை சபாபதியிடம் சொன்னேன். அவனும் என்னைப் போலக் கணக்கெழுதும் கிராணி. என்னைவிட வாய் அதிகம்.

"உங்க வீட்டு மேடைக்கு ஸ்டூல் பத்தாதுய்யா. ஏணிதான் வேணும்."

மேடையைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அது வந்ததே அவன் வீட்டாளால்தான். போன வருஷம் அவன் மனைவி ராஜம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். கமலம் தரையில் கரி அடுப்பை வைத்து, பலகை போட்டு உட்கார்ந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, இன்னும் லயத்து ஆளுங்க மாதிரி குந்திக்கிட்டா சமைக்கிறே?" என்று சிரித்தாள் ராஜம். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் நான் ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். கமலமும் அங்கேதான். ஆபீசில் அது யாருக்கும் தெரியாது. நானாகச் சொன்னதில்லை.

அடுத்த மாதமே சீனக் கொத்தனாரைப் பிடித்துச் சிமெண்டு மேடை கட்டினேன். வாடகை வீடு, வீட்டுக்காரத் தவுக்கேயிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். நின்றுகொண்டு சமைப்பதுதான் நாகரிகம், இடுப்புக்கும் நல்லது என்று கமலத்துக்கு விளக்கம் வேறு. நான் எந்தக் காலத்தில் சமைத்தேன்? "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். சபாபதியையும் ராஜத்தையும் விருந்துக்குக் கூப்பிட்டு மேடையைக் காட்டினேன். கல்யாணப் பெண்ணைக் காட்டுவதுபோல் காட்டினேன்.

மாலை கடைகள். காப்பிக் கடையில் போடுகிற வட்ட ஸ்டூல்: ஓரத்தில் காலால் அழுத்திப் பார்த்தேன், மறு பக்கம் எழும்பியது. கடைக்காரர் முறைத்தார். பிரம்பு முக்காலி: நடுவில் குழிகிறது. மடக்கு ஸ்டூல்: பிள்ளை விரல் நசுங்கும். வெறுங்கையோடு வந்தேன்.

மார்ச் 6, செவ்வாய்

ஸ்டூல் எப்படி இருக்க வேண்டும்:

கால்கள் கீழே அகன்று, மேலே குறுகி.
இரண்டு படி. கீழ்ப்படி பாப்பாவின் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது.
மூன்று பக்கமும் பிடிக்கக் கம்பி.
மேல்பலகையில் வார்னிஷ் கூடாது. ஈரக் கால் வழுக்கும்.
கால்களுக்கு அடியில் ரப்பர் ஷீட் துண்டு. (ரப்பரில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா.)
முனைகள் மழுங்க.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சீனத் தச்சர் ஒருவர். பட்டியலைச் சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டு, "டாப்போர் பெராபா திங்கி?" என்றார். அடுப்பு எவ்வளவு உயரம் என்கிறார். என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அது போதாது, அளந்து வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நூல் பிடித்து அளந்தேன். அந்தப் பெட்டி கதவுக்குப் பின்னால் கிடந்தது. விறகுக்கு உடைக்கலாம் என்று எடுத்தேன். மேல்பலகையில் இரண்டு பாதத் தடம், எண்ணெயும் கரியும் ஏறி, பெருவிரல்கூடத் தெரிகிறது. பிள்ளைக் கால் இல்லை.

"இது யார் கால் கமலம்?"

"என் காலுதாங்க. எனக்கு எட்டலை."

கொத்தனார் அன்றைக்கும் உயரம் கேட்டார். அன்றைக்கும் என் இடுப்பைத்தான் காட்டினேன். ஆபீசில் நான்தான் நெட்டை. கமலம் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். மேடை அவள் நெஞ்சுக்கு நிற்கிறது. ஒரு வருஷமாக அவள் பெட்டி மேல் ஏறி நின்று சமைத்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க மட்டும் சமையலறைக்குள் போகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஆசையாக் கட்டுனீங்க."

அவளைக் குற்றம் சொன்ன வாய் இது. மனசு சுருங்கிப் போயிற்று. தச்சரிடம் திரும்பப் போய், மேல்பலகை தாயும் பிள்ளையும் சேர்ந்து நிற்கிற அகலம் வேண்டும் என்று மாற்றிச் சொன்னேன். செய்த தப்புக்கு அதுவே போதும் என்று ஒரு நிம்மதி. வரும் வழியில் பாப்பாவுக்கு இனிப்பு ரொட்டி.

மார்ச் 8, வியாழன்

ஆபீசில் பாதி நாள் லீவு. கட்டு மாற்ற ஆஸ்பத்திரி. துணியை உரிக்கும்போது பாப்பா என் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டாள். புண் சுத்தமாக இருக்கிறதாம்.

வரிசையில் பின்னால் இருந்த அம்மாள் இன்னொருத்தியிடம்: "பெத்தவ ஒழுங்கா இருந்தா புள்ளைக்கு ஏன் இப்படி ஆவுது? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அடுப்படியில நிக்கத் தெரியலை."

கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மேடையை அந்த உயரத்துக்குக் கட்டினவன் நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி ஒரு வார்த்தை. நானும் குனிந்துகொண்டேன். சுவரில் கொசுவைப் பற்றி ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதைப் படித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரே குடையில். பாப்பா குடைக்கு வெளியே கையை நீட்டி நீட்டிச் சிரித்தாள்.

மார்ச் 10, சனி

ஸ்டூல் வந்துவிட்டது. தச்சரின் தம்பி தோளில் வைத்துத் தூக்கி வந்தான். நான் சொன்னபடியே எல்லாம். சொல்லாத ஒன்றும் செய்திருக்கிறார்: மேல்பலகையில் குறுக்கே கோடு கோடாகச் செதுக்கியிருக்கிறார், கால் வழுக்காமல் இருக்க.

சபாபதி பார்க்க வந்தான். அவனே ஏறி நின்று குதித்தான். "யானை ஏறினாலும் அசையாதுய்யா. நம்ம பெரிய துரை நாற்காலிகூட இப்படி இல்லைலா." எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தில் போனவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த ஞாயிறு ராஜத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான் சபாபதி. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றேன்.

பிறகு பாப்பாவை ஏற்றலாம் என்று மேடை அருகில் கொண்டுபோய்ப் போட்டேன். பாப்பா வரவில்லை. தாஜா செய்தேன். ரொட்டியைக் காட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபாபதி பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று எனக்கு ஒரு வீம்பு. தூக்கி மேல்படியில் நிறுத்தினேன். பிள்ளை அழக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அப்படியே மூத்திரம் போய்விட்டாள். புது மரத்தில் ஓடியது.

கமலம் வந்து எடுத்துக்கொண்டாள். "இவ அடுப்புக்கிட்ட ஏறிப் பார்க்கிற புள்ளையே இல்லீங்க" என்றாள், மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல்.

சபாபதி கிளம்பிப் போனான். நான் ஸ்டூலைக் கழுவி வெயிலில் வைத்தேன். ஏறிப் பார்க்கிற பிள்ளை இல்லை என்றால் அன்றைக்குப் பெட்டி எப்படிச் சாய்ந்தது? கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்று எழுதுவதுதான் சரி.

மார்ச் 12, திங்கள்

எழுதிவிட்டால் தேவலை.

மத்தியானம் சைக்கிள் டியூப் போய்விட்டது. துரை வெளியூர். சபாபதியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தள்ளிக்கொண்டு வருகிறவன் எதற்கு மணி அடிக்கப் போகிறான்? பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். எங்கள் சமையலறைப் பலகைச் சுவரில் ஓர் இடைவெளி உண்டு.

உள்ளே கமலம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பழைய கரி அடுப்பு, பழைய பலகை. பானையில் சோறு கொதிக்கிறது. மேடை அடுப்பு பற்ற வைக்காமல் கிடக்கிறது. பாப்பா எட்டத்தில் சாக்கு மேல் உட்கார்ந்து, அவரையை ஒவ்வொன்றாக டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள். போடும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்தாள். கமலமும் பார்த்து, "அப்புறம்?" என்றாள். ஒவ்வொரு அவரைக்கும் ஓர் அப்புறம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். கமலம் இந்த வீட்டில் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று? என் எதிரில் இப்படிச் சிரித்திருக்கிறாளா என்றே யோசித்துப் பார்த்தேன்.

நான் உள்ளே போனால் அந்த முகம் மாறிவிடும். அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒன்றும் பார்க்காத மாதிரி வந்துவிடலாம் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போய், சந்து முனையில் நின்று மணி அடித்தேன். நல்லது செய்வதாக நினைப்பு.

அடித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம். "அப்பா வந்துட்டாங்க. தள்ளிப் போ, தள்ளிப் போ கண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கமலம் புது ஸ்டூலின் மேல்படியில் நிற்கிறாள். கொதிக்கிற பானையைத் துணியால் பிடித்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறாள். மேடையில் வைக்கப் போகிறாள். கஞ்சி விளிம்பில் தளும்புகிறது. "கீழ வை" என்றேன். "இதோ ஆயிருச்சுங்க" என்று மேலேயே வைத்துவிட்டாள். வைத்துவிட்டு இறங்கி, கீழே இருந்த கரி அடுப்பைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளினாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். பழகின கை.

பாப்பா எங்கே என்று பார்த்தேன். தூரத்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். என் மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளை தானே போய் நின்ற இடம் அது.

சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 13, செவ்வாய்

தூங்கவில்லை. காலையில் காப்பி கொண்டுவந்தவளை உட்காரச் சொல்லிக் கேட்டேன். நின்றபடியே சொன்னாள்.

காலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மேடையில்தான் சமையலாம். நான் ஆபீஸ் போன பிறகு கீழே. மேடை கட்டின வாரத்திலிருந்தே.

"மேல நின்னா பாப்பா எங்க போறான்னு தெரியலைங்க. கீழ உக்காந்தா கண்ணுக்கு நேரா இருப்பா. அதான்."

மணி கேட்டால் பெட்டி மேல் ஏறிப் பானையைத் தூக்கி வைத்துவிடுவாளாம். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். பாப்பா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பெட்டி சாய்ந்துவிட்டது. பொய் ஒன்றும் சொல்லவில்லை அவள். பெட்டி சாய்ந்தது என்றாள். மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன், மேடை கட்டின மாதிரி.

"ஆஸ்பத்திரி வாசல்ல உன்னைத் திட்டுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேர் இருந்தாங்களே. உங்களுக்கு அவமானமா இருக்கும்."

என் அவமானத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள். பிள்ளை கால் வெந்திருக்கும்போது அதைப் போய்க் காப்பாற்றியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பிள்ளைக்கு எது பத்திரம் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். நான்தான் ஊரெல்லாம் ஸ்டூல் தேடினேன்.

மணியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். மணி இல்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் பிடிப்பார். அடிக்காமல் வந்தால் போதாதா? மாலை அடிக்காமல் வந்தேன்.

வந்து பார்த்தால் பானை மேடையில். மணி வருமோ வராதோ என்று வெயில் சாயும் முன்பே தூக்கி வைத்துவிட்டாளாம்.

மார்ச் 14, புதன்

நாள் முழுக்க மழை. ஆபீஸ் கூரை ஒழுகி ரிஜிஸ்டர்களை நகர்த்தினோம்.

காலையில் கிளம்பும் முன்பு வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். இனிமேல் மேடை வேண்டாம். காலையும் கீழே, மாலையும் கீழே, ஞாயிறும் கீழே.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

மேடை கட்டினபோது சொன்ன அதே வார்த்தை. அதே குரல். படி இறங்கி வெகு தூரம் போன பிறகுதான் தெரிந்தது, இந்தத் தடவையும் உனக்கு எது சௌகரியம் என்று நான் கேட்கவே இல்லை.

மார்ச் 15, வியாழன்

மாலை மணி அடிக்காமல் வந்தேன். பானை கீழேயே இருந்தது. நான் உள்ளே வந்ததும் கமலம் சட்டென்று எழுந்துவிட்டாள். "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள், பாதி உடம்பாக. நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பேண்ட் முழுக்கச் சாம்பல். பாப்பா என் கையில் ஓர் அவரையைக் கொடுத்தாள். டின்னில் போட்டேன். "அப்புறம்?" என்றாள் பாப்பா என்னிடம்.

புண் காய்ந்து வருகிறது. தழும்பு நிற்கும் என்றார் டிரெசர்.

மார்ச் 17, சனி

வெயில். அரை நாள். ஸ்டூலில் கமலம் மிளகாய் காயப் போட்டிருக்கிறாள். நல்ல அகலம், அதற்குத் தோதாக இருக்கிறது. நாளைக்குச் சபாபதியும் ராஜமும் சாப்பிட வருகிறார்கள். ஆட்டுக்கறி, முருங்கைக்காய், அப்பளம், வெற்றிலை. வாங்கியாயிற்று.

அரிசி புடைத்துக்கொண்டே கமலம் கேட்டாள்: "நாளைக்கு அவங்க வர்றப்போ மட்டும் மேல வச்சுச் சமைக்கவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ராஜம் எட்டிப் பார்ப்பது கண்ணில் வந்தது, அவள் சிரிப்பும். வார்த்தை வர நேரமாயிற்று. பிறகு "வேண்டாம்" என்றேன், கொஞ்சம் பலமாகவே.

அதற்குள் கமலம் எழுந்துபோய், ஸ்டூலிலிருந்த மிளகாயைத் தட்டில் வாரத் தொடங்கியிருந்தாள்.